சொல்லும் சூழலும்: வாய்மை அணுவிரதத்தின் வழியில் ஒரு பாடம்



வாய்மை என்னும் அணுவிரதத்தைப் பற்றி நம் இல்லங்களில் பேசும்போது, ‘பொய் கூறாதே’ என்னும் அளவோடு நின்றுவிடுகிறோம். நம் ஆசாரியப் பெருமக்கள் அவ்வளவில் நின்றாரில்லை. அவ்விரதத்திற்கு இழுக்காக வரும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் காட்டுகிறது. அவை தவறான நெறியைப் போதித்தல், மறைவில் நிகழ்ந்ததை வெளியிடுதல், பொய் ஆவணம் எழுதுதல், அடைக்கலப் பொருளைக் குறைத்துத் தருதல், குறிப்பால் அறிந்த பிறர் கருத்தை அம்பலப்படுத்துதல் என்பனவாம்.

இவற்றுள் நான்காவதாகிய நியாசாபகாரம் நாம் நின்று நோக்கத்தக்கது. ஒருவர் பத்துப் பொன்னை நம்மிடம் அடைக்கலமாக வைத்துச் செல்கிறார். நெடுங்காலம் கழித்து வருகிறார், தொகையை மறந்துவிட்டார். “நான் வைத்தது எட்டுப் பொன் தானே?” என்கிறார். நாமும் “ஆம்” என்று சொல்லி எட்டைக் கொடுத்துவிடுகிறோம். இக்குற்றத்தைக் கள்ளாமை விரதத்தில் சேர்க்காமல் வாய்மை விரதத்தில் சேர்த்தனர் நம் முன்னோர். ஏன்? அங்கே பொருள் குறைந்ததற்குக் காரணம் ஒரு சொல். கணக்கின் ஒரு பகுதியை மட்டும் சொல்லி மற்றொரு பகுதியை மறைத்த சொல்.

இன்று உலகம் முழுவதும் காற்றையும் நீரையும் மண்ணையும் காப்பதற்காக நடைபெறும் பேச்சுகளை இவ்விரதத்தின் கண்கொண்டு நோக்குவதே இப்பாடத்தின் நோக்கம். சட்டங்களும் உடன்படிக்கைகளும் அறிவியலால் மட்டும் உருவாவதில்லை. அவற்றுக்கு முன்னே ஒரு சொல் பிறக்கிறது. அச்சொல்லைச் சுற்றி ஒரு கதை வளர்கிறது. அக்கதை மக்கள் மனத்தில் நிலைத்தபின் சட்டம் வருகிறது. ஆதலால் அச்சொல்லைச் சோதிக்கத் தெரியாதவர் அச்சட்டத்தையும் சோதிக்க இயலாது.

1. கதையின் நான்கு உறுப்புகள்

கரியமில வாயுவைக் கண்ணால் காண இயலாது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயரும் கடல் மட்டத்தைக் கரையில் நின்று உணர இயலாது. காணாத ஒன்றைப் பற்றி ஓர் அரசோ ஊரோ முடிவெடுக்க வேண்டுமானால், அதனைக் கதைபோல எடுத்துரைத்தே ஆகவேண்டும். இங்குக் கதை என்பது கட்டுக்கதை அன்று. செய்திகளைக் கோத்துப் பொருள் தரும் முறை என்க. அத்தகைய கதை ஒவ்வொன்றிலும் நான்கு உறுப்புகள் உண்டு.

நோய் யாது? நோய்க்குக் காரணர் யார்? துன்புறுவோர் யார்? மருந்து யாது, அதனை உண்ண வேண்டியவர் யார்?

இந்நான்கனுள் ஒன்றை மாற்றினாலும் கொள்கை முற்றும் மாறிவிடும். அதனைச் சில நிகழ்ச்சிகளின் வாயிலாகக் காண்போம்.

2. உதவி செய்த ஒரு சொல்

வானத்தில் ஓசோன் என்னும் வாயு படர்ந்து, கதிரவனின் தீய புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவருகிறது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் அக்காலத்தில் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் இதனைச் சிதைக்கக்கூடும் என்று 1974-இல் மோலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர் எழுதினர். 1985-இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்னும் பிரிட்டானிய ஆய்வாளர் மூவர், தென்துருவப் பகுதியில் இளவேனிற் காலத்தில் ஓசோன் பெரிதும் குறைந்துவருவதை அளந்து வெளியிட்டனர்.

உண்மையில் அங்கு நேர்ந்தது ஓசோன் அடர்த்தி குறைதல். ஆயினும் ‘ஓசோன் துளை’ என்னும் சொல்லே உலகெங்கும் பரவியது. கூரையில் துளை என்றால் குழந்தைக்கும் விளங்கும். உடனே அடைக்க வேண்டும் என்னும் எண்ணமும் தானே எழும். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரீல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. இப்போதுள்ள நெறிமுறைகள் தொடர்ந்தால் தென்துருவத்தின் மேலுள்ள ஓசோன் படலம் ஏறத்தாழ 2066-ஆம் ஆண்டளவில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்று ஐ.நா. ஆதரவில் அமைந்த அறிவியலாளர் குழு 2023 சனவரியில் தெரிவித்தது.

இவ்வெற்றி முழுவதும் ஒரு சொல்லால் வந்தது எனல் ஏகாந்தமாகும். அவ்வாயுக்களை உற்பத்தி செய்த நிறுவனங்கள் சிலவே. அவற்றுக்கு மாற்றுப் பொருள்களும் கிடைத்தன. ஏழை நாடுகளுக்குப் பொருளுதவி செய்ய நிதியும் அமைந்தது. ஆயினும் நோய் இன்னது, மருந்து இன்னது என்று மக்கள் ஐயமின்றி அறிந்துகொள்ள அச்சொல் துணை நின்றது என்பதில் தடையில்லை.

3. மென்மையாக்கப்பட்ட சொல்

புவி வெப்பமடைதலுக்கு அத்தகைய சொல் வாய்க்கவில்லை. ‘பசுங்குடில் விளைவு’ என்னும் பெயரைக் கேட்பவர் மனத்தில் பூஞ்செடிகள் நிறைந்த கண்ணாடி வீடு தோன்றுமேயன்றி அச்சம் தோன்றாது. மேலும், சொற்கள் தற்செயலாக மட்டும் மென்மையாவதில்லை, மென்மையாக்கப்படுவதும் உண்டு. 2002-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் ஆலோசகர் ஃபிராங்க் லுண்ட்ஸ் தம் கட்சியினருக்கு ஒரு குறிப்பு எழுதினார். ‘புவி வெப்பமடைதல்’ என்பது பேரழிவை நினைவூட்டுகிறது. ‘காலநிலை மாற்றம்’ என்பது அத்துணை அச்சம் தருவதன்று. ஆதலால் பின்னதையே வழங்குக என்பது அக்குறிப்பின் கருத்து. அறிவியலில் முடிவு ஏற்படவில்லை என்னும் எண்ணம் மக்களிடையே நீடிக்க வேண்டும் என்றும் அதில் ஆலோசனை கூறப்பட்டிருந்தது.

‘காலநிலை மாற்றம்’ என்பது பொய்ச்சொல் அன்று. அறிவியலாளரும் அதற்கு முன்பிருந்தே அதனை வழங்கிவந்தனர். வெப்பம் மட்டுமன்றி மழையும் புயலும் மாறுகின்றமையால் அது பொருத்தமும் உடையது. ஆனால் மெய்யான சொல்லையும் மறைக்கும் நோக்கத்தோடு தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஈண்டு அறிகிறோம். இதற்கு மாறாக, 2019-இல் ‘கார்டியன்’ என்னும் இலண்டன் நாளிதழ் ‘காலநிலை நெருக்கடி’ போன்ற வலிய சொற்களை விரும்பி வழங்குவதாக அறிவித்தது. இருதரப்பாரும் சொல்லின் ஆற்றலை நன்கறிந்தவரே.

4. நெல்வயலும் மோட்டார் வாகனமும்

மேற்கூறிய இரண்டிலும் நோயின் பெயரைக் கண்டோம். இனி, காரணர் யார் என்னும் உறுப்பைக் காண்போம்.

1990-இல் அமெரிக்காவிலுள்ள உலக வள ஆய்வு நிறுவனம், வெப்பத்தைப் பெருக்கும் வாயுக்களை வெளியிடும் நாடுகளின் வரிசையை வெளியிட்டது. அதில் முதல் ஐந்து நாடுகளுள் இந்தியாவும் இடம்பெற்றது. நெல்வயல்களிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் எழும் மீத்தேன் வாயுவும் அக்கணக்கில் அடங்கும். அடுத்த ஆண்டே, 1991-இல், தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதி இக்கணக்கை மறுத்தனர். பசித்தவன் உணவுக்காக உழும் வயலின் மீத்தேனையும், செல்வர் நாட்டு மோட்டார் வாகனத்தின் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையோ என்று அவர்கள் வினவினர். கடலும் காடும் ஆண்டுதோறும் உறிஞ்சிக்கொள்ளும் வாயுவின் அளவை நாடுகளுக்குப் பங்கிடும்போது மக்கள்தொகைப்படி பங்கிட வேண்டும். மிகுதியாக மாசு செய்தவருக்கு மிகுதியான பங்கு என்று கணக்கிடுதல் அநீதி என்பது அவர்தம் வாதம்.

இரு கணக்கிலும் எண்கள் இருந்தன. ஆயின் ஒன்று நாட்டை அலகாகக் கொண்டது. மற்றொன்று மனிதனை அலகாகக் கொண்டது. ஒன்றின்படி நெல் விளைவிக்கும் குடியானவன் குற்றவாளி; மற்றொன்றின்படி அவன் கடன் கொடுத்தவன்; தனக்குரிய பங்கைப் பிறர் எடுத்தாளக் கண்டவன். நம் குடும்பங்களிற் பல இன்றும் வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் நெற்பயிர் செய்பவை. ஆதலால் இவ்வாதம் நமக்குத் தொலைவானதன்று.

வளிமண்டலத்தை எல்லா உயிர்களுக்கும் உரிய அடைக்கலப் பொருளாக எண்ணிப் பாருங்கள். முன்னரே மிகுதியாக எடுத்துவிட்டவர், அதனைச் சொல்லாமல், ‘இவ்வாண்டு யார் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்பாராயின் அது நியாசாபகாரத்தின் மறுவடிவம் அன்றோ? 1992-இல் ரியோ மாநாட்டில் நாடுகள் கையெழுத்திட்ட காலநிலை உடன்படிக்கையில் ‘பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்புகள்’ என்னும் கோட்பாடு இடம்பெற்றது. ஏழை நாடுகள் எடுத்துரைத்த கதை அந்தச் சொற்றொடரில் சட்ட வடிவம் பெற்றது எனலாம்.

இக்கதைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2007-இல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு வெளியிட்ட ஓர் அறிக்கை, இந்தியாவின் செல்வர்கள் ஏழைகளின் பின்னே ஒளிந்துகொள்கின்றனர் என்று சுட்டியது. ஏழைக் கோடிகளின் சிறு அளவைச் சேர்த்துச் சராசரி காணும்போது, செல்வரின் பெரும் அளவு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. உலக அரங்கில் ‘தலைக்கு இவ்வளவு’ என்று நியாயம் கேட்கும் நாம், நாட்டுக்குள்ளும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்; இல்லத்துக்குள்ளும் கேட்க வேண்டும்.

5. ஒரு வினைச்சொல்லுக்காக ஓர் இரவு

மருந்து யாது என்னும் உறுப்புக்கு வருவோம். 2021 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது. இறுதி ஆவணத்தின் வரைவில், புகையைப் பிடித்து அடக்காத நிலக்கரி மின்சாரத்தைப் ‘படிப்படியாக ஒழித்தல்’ என்று எழுதப்பட்டிருந்தது. மாநாடு குறித்த நாளைக் கடந்து நீண்ட நிலையில், நவம்பர் 13 அன்று இந்தியாவின் முன்மொழிவால் அது ‘படிப்படியாகக் குறைத்தல்’ என்று மாறியது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா அவையிலேயே கண்கலங்கினார்.

கடலில் மூழ்கும் நிலையிலுள்ள சிறு தீவு நாடுகளுக்கு அம்மாற்றம் பேரிடி. அவர்கள் நோக்கில் ‘ஒழித்தல்’ என்பதே உயிர்ச்சொல். இந்தியாவின் நோக்கிலோ, வளரும் நாடுகள் மிகுதியாக நம்பியுள்ள நிலக்கரியை மட்டும் பெயர் சொல்லி, செல்வ நாடுகள் மிகுதியாகப் பயன்படுத்தும் எண்ணெயையும் இயற்கை வாயுவையும் சொல்லாது விட்டது ஒருதலைப்பட்சம். இரண்டு நோக்கிலும் மெய் உண்டு. 2023 திசம்பரில் துபாயில் நடந்த மாநாட்டில்தான், நிலக்கரி, எண்ணெய், வாயு ஆகிய எல்லாப் புதைபடிவ எரிபொருள்களிலிருந்தும் விலகிச் செல்லுதல் என்னும் வாசகம் முதன்முறையாக இடம்பெற்றது. ஒரே வினைச்சொல்லின் வேறுபாட்டில் நாடுகளின் வருங்காலம் தொங்கியது என்றால், சொல்லைப் பற்றிய பாடம் வீண் பாடம் அன்று என்பது விளங்கும்.

மருந்தை உண்ண வேண்டியவர் யார் என்பதிலும் சொல் புகுந்து விளையாடுகிறது. ‘கரியமில அடிச்சுவடு’ என்னும் தொடரை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஒருவருடைய வாழ்க்கை முறையால் எவ்வளவு வாயு வெளியாகிறது என்பதன் அளவு அது. இதனை மக்களிடையே பரப்பியதில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம் செய்த விளம்பரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எண்ணெய் எடுத்து விற்பவர், ‘உம்முடைய அடிச்சுவடு எவ்வளவு?’ என்று வாங்குபவரை வினவினார். பொறுப்பு மெல்ல இடம் மாறியது.

அபரிக்கிரக விரதம் கொண்ட நாம் நம் நுகர்ச்சியை அளவிடுதல் நன்றே. அது நம் மரபு. ஆயினும் ‘நான் மின்விளக்கை அணைத்துவிட்டேன், என் கடமை முடிந்தது’ என்று எண்ணும்படி ஒரு கதை நம்மை உறங்க வைக்குமாயின், அக்கதையை ஐயுறுதல் வேண்டும்.

6. நம் மலையில் நடந்தது

இதுவரை கண்டவை உலக அரங்கில் நிகழ்ந்தவை. இனி நம் அருகன் திருவுருவம் பொறித்த ஒரு மலைக்கு வருவோம். மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த அரிட்டாபட்டியை நம்மவர் பலர் தரிசித்திருப்பர். துறவியர் தங்கிய குகைத்தளமும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளும் அங்கு உள்ளன. அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் உண்டு. அருகிலுள்ள மீனாட்சிபுரம் மாங்குளம் மலையில், நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரும் கணி நந்தன் என்னும் துறவியின் பெயரும் பொறித்த, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.42 ஹெக்டேர் நிலப்பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், எறும்புதின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியன வாழும் இடம் என்றும், 72 நீர்நிலைகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் கொண்ட நீர்ப்பிடிப்பு என்றும் அரசின் அறிவிப்பு விளக்கியது.

2024 நவம்பரில் வேறொரு செய்தி வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்னும் பெயரில் 2,015.51 ஹெக்டேர் நிலத்துக்கு ஒன்றிய அரசு ஏலம் நடத்தி, ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. அத்தொகுதிக்குள் அப்பாரம்பரியத் தலமும் அடங்கியிருந்தது.

ஒரே நிலம், இரு பெயர்கள். ‘பல்லுயிர்த் தலம்’ என்னும் பெயரில் அது காக்கப்பட வேண்டியது. ‘முக்கியக் கனிமத் தொகுதி’ என்னும் பெயரில் அது தோண்டப்பட வேண்டியது. இரண்டாம் பெயருக்கும் காரணம் இருந்தது. 2023-இல் ஒன்றிய அரசு முக்கியக் கனிமங்கள் என 30 கனிமங்களைப் பட்டியலிட்டது. டங்ஸ்டன் அவற்றுள் ஒன்று. தூய எரிசக்தி, பாதுகாப்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு இக்கனிமங்கள் தேவை என்பது அக்கதை. அதாவது, காலநிலையைக் காக்கும் சொல்லாடலே ஒரு மலையைத் தோண்டுவதற்குரிய சொல்லாடலின் ஒரு பகுதியாகவும் அமைந்தது. நன்மையின் பெயரால் வரும் இம்சையை அறிவது தீமையின் பெயரால் வருவதை அறிவதினும் அரிது.

ஊர் மக்கள் எதிர்த்தனர். 2024 திசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அம்மாதமே ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஒரு விளக்கம் தந்தது. மொத்தப் பரப்பு 20.16 சதுர கிலோமீட்டர்; பல்லுயிர்த் தலமோ 1.93 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆகவே அப்பகுதியை நீக்கி எல்லையை மாற்றியமைக்க இயலுமா என ஆராயுமாறு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அக்கணக்கு எதனை உயிராக எண்ணியது? வேலியிட்ட பத்தில் ஒரு பங்கை மட்டும். அம்மலையிலிருந்து இறங்கும் நீர் நிரப்பும் ஏரிகள், அவ்வேரியால் விளையும் வயல், ஆடு மாடு மேயும் கரடு, ஊர்க்கோயில், இவை அக்கணக்கில் இல்லை. நாம் ‘எங்கள் சமணச் சின்னத்தை மட்டும் விட்டுவிடுங்கள்’ என்று கேட்டிருந்தால், ‘விட்டுவிட்டோம்’ என்று எளிதில் விடை வந்திருக்கும். நம் திருவுருவம் நின்றிருக்கும். சுற்றிலும் சுரங்கம் சூழ்ந்திருக்கும்.

ஊரார் அவ்வாறு கேட்கவில்லை. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். அவர்கள் சொன்ன கதையில் கல்வெட்டும் இருந்தது, கண்மாயும் இருந்தது; தீர்த்தங்கரரும் இருந்தார், சிவன் குடைவரையும் இருந்தது; பறவையும் உழவனும் இருந்தனர். சனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. பல காரணங்கள் கூடி நிகழ்ந்த முடிவு அது. ஆயினும், துண்டு துண்டாகப் பிரிக்க முடியாத ஒரு முழுக்கதையை அம்மக்கள் விடாது கூறியது அவற்றுள் தலையாயது என்பது என் துணிபு. அம்மக்களுள் நம் சமயத்தார் மிகச் சிலரே. நம் முன்னோர் தவம் செய்த மலையை நாம் சென்று காக்கும் முன்னரே அவர்கள் காத்தனர். அந்நன்றியை நாம் மறத்தலாகாது.

7. நம்மைப் பற்றி நாம் கூறும் கதை

பிறர் கதையைச் சோதித்த நாம் நம் கதையையும் சோதித்தல் முறை. 1990 அக்டோபர் 23 அன்று, எல்.எம். சிங்வி எழுதிய ‘இயற்கை குறித்த சமணப் பிரகடனம்’ இலண்டனில் இளவரசர் பிலிப்பிடம் அளிக்கப்பட்டது. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணை என்னும் தத்துவார்த்த சூத்திரக் கருத்தை உலகறியச் செய்த சிறந்த பணி அது. அதன் பின்னர், ‘உலகிலேயே இயற்கையோடு இயைந்த சமயம் நம் சமயம்’ என்று மேடைதோறும் கூறி மகிழ்கிறோம்.

நம் நெறியைப் பற்றி அது மெய். நம் வாழ்வைப் பற்றியும் மெய்யா? நெறியின் பெருமையைச் சொல்லி ஒழுக்கத்தின் குறையை மறைத்தால், அதுவும் ஓர் அதிசாரமே.

நம் நூல்கள் தொழில்களுக்குப் பெயரிட்ட முறையை இங்கு நினைவுகூர்தல் நலம். 13-ஆம் நூற்றாண்டில் ஆசாதரர் இயற்றிய சாகார தர்மாமிருதம், இல்லறத்தார் விலக்கத்தக்க கொடுந்தொழில்கள் பதினைந்தைக் கூறுகிறது. அவற்றுள் காட்டை வெட்டிப் பிழைத்தல், காட்டுக்குத் தீயிடுதல், நீர்நிலையை வற்றச் செய்தல் ஆகியன உள்ளன. இப்பெயர்களை நோக்குங்கள். ஒவ்வொன்றும் உயிர்களுக்கு நேரும் துன்பத்தைக் கொண்டே பெயர் பெற்றுள்ளது. இன்று ஏரியை மூடி மனை பிரிப்பதற்கு ‘நில மேம்பாடு’ என்று பெயர். செயல் அதுவே, பெயர் மட்டும் இம்சையிலிருந்து இலாபத்துக்கு மாறிவிட்டது. மனை வாங்கும்போதும் தொழிலில் முதலீடு செய்யும்போதும், ஆசாதரர் இதற்கு என்ன பெயர் இட்டிருப்பார் என்று கேட்டுப் பார்த்தால் பல உண்மைகள் புலப்படும்.

8. அனேகாந்தம் ஐயவாதம் அன்று

ஒரு தடை எழலாம். ‘எல்லா நோக்கிலும் மெய் உண்டு என்பது நம் அனேகாந்தம். ஆகவே காலநிலை பற்றியும் எல்லாரும் சொல்வது சரிதானே? யாரையும் மறுப்பானேன்?’ என்பர் சிலர்.

இது அனேகாந்தத்தை அறியாத கூற்று. மித்யாத்துவம் ஐந்து என்பர் நம் ஆசாரியர். ஒரு பக்கத்தையே பற்றி நிற்றல் ஏகாந்தம்; எது மெய் என்று துணியாது ஊசலாடுதல் சம்சயம்; எல்லாக் கொள்கையும் ஒன்றே என வணங்குதல் வைநயிகம்; இவற்றோடு விபரீதமும் அஞ்ஞானமும் சேர்ந்து ஐந்து. ஆகவே, ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று வேண்டுமென்றே ஐயத்தை வளர்ப்பது சம்சயத்தின்பாற்படும். ‘இருதரப்பும் சமம்’ என்று வாளாவிருப்பது வைநயிகத்தின்பாற்படும். மனிதச் செயலால் புவி வெப்பமடைந்துள்ளது என்பது ஐயத்துக்கு இடமற்றது என ஐ.நா. காலநிலைக் குழு 2021-இல் தெளிவாக அறிவித்துவிட்டது. பொறுப்பை எவ்வாறு பங்கிடுவது, எந்த மருந்து முதலில் என்பவற்றில்தான் பல நயங்களுக்கு இடமுண்டு.

ஒரு நயம் பிற நயங்களை மறுக்காதவரை அது நயம், மறுத்துவிட்டால் துர்நயம். டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவை என்பது நயம். ஆகவே அம்மலையில் வேறொன்றும் இல்லை என்பது துர்நயம். நிலக்கரியை இன்றே விட இயலாது என்பது நயம். ஆகவே தீவு மக்களின் துயரம் பொருட்டன்று என்பது துர்நயம். நயங்களை எல்லாம் கேட்டபின் முடிவெடுக்க நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. எவ்வழியில் உயிர்களுக்கு இம்சை குறைவு என்பதே அது.

9. இல்லத்தில் பயில்வதற்கு

செய்தித்தாளில் சுற்றுச்சூழல் பற்றிய செய்தி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, பிள்ளைகளும் பெரியோரும் கூடியமர்ந்து பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க.

(அ) இச்செய்தியில் நோய்க்கு இட்ட பெயர் யாது? வேறு பெயர் இட்டால் மருந்து மாறுமா?

(ஆ) காரணராகச் சுட்டப்படுபவர் யார்? சுட்டப்படாமல் விடப்பட்டவர் யார்?

(இ) கணக்கின் அலகு யாது? நாடா, மனிதனா, ஹெக்டேரா, ஆண்டா? அலகை மாற்றினால் வரிசை மாறுமா?

(ஈ) பேசாத உயிர்களுள் எவை கணக்கில் வந்தன? எவை வரவில்லை? நிலவுயிர், நீருயிர், காற்றுயிர் ஆகிய ஓரறிவுயிர்களையும் எண்ணுக.

(உ) மருந்தை உண்ணச் சொல்பவர் தாமும் உண்கிறாரா?

(ஊ) இக்கதையை நாம் நம்புவது அது மெய் என்பதாலா, நமக்கு வசதி என்பதாலா?

இறுதி வினாவே கடினமானது. அதற்கு விடை காணும்போது பிள்ளைகள் பெரியோரைக் கேட்கட்டும். பெரியோர் சினங்கொள்ளாது விடை கூறுக.

அடைக்கலமாக வந்த பத்துப் பொன்னைப் பத்தாகவே திருப்பித் தருவோர் நாம் என்பது நம் குலப்பெருமை. காற்றும் நீரும் மலையும் நம் பேரப்பிள்ளைகள் நம்மிடம் வைத்துள்ள அடைக்கலம். எவ்வளவு வைத்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அக்கணக்கை மெய்யாகச் சொல்ல வேண்டியவர் நாமே.

அறம் வெல்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!